கனமான கல் எதற்கு?

தோசை வார்ப்பதற்கு முன்னால் கல்லில் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை கொஞ்சம் உன்னிப்பாகக் கவனியுங்கள், காதையும் தீட்டிக்கொண்டு. கல் சூடேறவில்லை என்றால் தண்ணீர் அப்படியே பரவிக் கிடக்கும், ஓரத்தில் மெல்லக் குமிழ் விடும். பதமான சூடு என்றால் ‘சுர்ர்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், தண்ணீர் இருந்த இடம் தெரியாது. அதற்கும் மேலே சூடேறிப்போனால்தான் வேடிக்கை. இன்னும் வேகமாக ஆவியாக வேண்டியதுதானே? ஆகாது. சின்னச் சின்ன முத்துகளாகத் திரண்டு கல் முழுக்க ஓடித் திரியும். சூடு கூடியிருக்கிறது, ஆனால் துளி அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது!

இந்த விந்தையை 1756-இல் விளக்கமாக எழுதி வைத்தவர் ஜெர்மானிய மருத்துவர் யோகான் லைடன்ஃப்ராஸ்ட். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் நீர்த்துளியை விட்டு, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நடப்பது இதுதான்: மிகச் சூடான பரப்பைத் தொட்டவுடன் துளியின் அடிப்பக்கம் மட்டும் சட்டென்று ஆவியாகிறது. அந்த ஆவி ஒரு மெல்லிய அடுக்காகத் துளிக்கும் கல்லுக்கும் நடுவில் புகுந்து, துளியைத் தூக்கிவிடுகிறது. ஆவி வெப்பத்தை அவ்வளவாகக் கடத்தாது. அதனால் மிதக்கும் துளிக்கு வெப்பம் மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறது. வழவழப்பான கல்லில் ஏறத்தாழ 200 டிகிரியைத் தொடும்போது இது தொடங்கும்.

முத்து உருண்டால் தோசைக்கு ஆகாது. மாவு தொட்ட இடத்திலேயே வெந்து கெட்டியாகிவிடும், பரவ நேரமிருக்காது. கரண்டியைச் சுழற்றினால் மாவும் சுருண்டு கூடவே வரும். அப்போது என்ன செய்கிறார்கள்? இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துணியால் துடைக்கிறார்கள். ஓட்டல் மாஸ்டர் என்றால் ஒரு குவளைத் தண்ணீரை விசிறி, துடைப்பத்தால் ஒரு தள்ளு. சுத்தம் செய்வதற்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். அத்தனையும் கல்லிலிருந்து போகிறது. துடைப்பத்தால் கல்லின் வெப்பநிலையை இறக்கிக் காட்டுகிறார் அவர்!

கல்லிலிருந்து போகிறது என்றேன். அப்படியென்றால் கல்லுக்குள் எவ்வளவு வெப்பம் இருக்கிறது? இந்தக் கேள்வியில்தான் நம் விஷயம் இருக்கிறது. இன்று கடைக்குப் போனால் ஒட்டாத பூச்சு போட்ட தவா ஒரு கையில் தூக்கிவிடலாம், அழகழகான நிறங்களில் கிடைக்கும். பக்கத்திலேயே கன்னங்கரேலென்று வார்ப்பிரும்புக் கல் உட்கார்ந்திருக்கும். தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். இந்தக் காலத்துச் சமையலறையில் அதற்கு என்ன வேலை? பாட்டி வைத்திருந்தார் என்பது மட்டும் போதுமான பதில் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கிராம் இரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.46 ஜூல் போதும். அலுமினியத்துக்கு 0.9 ஜூல். அதாவது கிராமுக்குக் கிராம் பார்த்தால் அலுமினியம்தான் அதிக வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இதைக் கேட்டதும் பெரியவர்கள் பலர் நம்ப மாட்டார்கள், சொல்லிப் பாருங்கள். ஆனால் இரும்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வார்ப்பிரும்புக் கல்லைக் கனமாகத்தான் செய்கிறார்கள்.

கல்லின் எடை 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்குக் கொண்டுபோக 3000 × 0.46 × 170. விடை ஏறத்தாழ 2,35,000 ஜூல். அதாவது 235 கிலோஜூல். 700 கிராம் எடையுள்ள அலுமினியத் தவாவுக்கு 700 × 0.9 × 170, ஏறத்தாழ 107 கிலோஜூல்தான்.

இப்போது ஒரு கரண்டி மாவு, 80 கிராம் என்று கொள்ளுங்கள், அதை ஊற்றுகிறோம். மாவில் பெரும்பங்கு தண்ணீர். அது 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏறவே ஏறத்தாழ 20 கிலோஜூல் வேண்டும். முதல் சில நொடிகளில் இது முழுவதும் கல்லிலிருந்தே போகிறது என்றால், இரும்புக் கல் 15 டிகிரி இறங்கும். அலுமினியத் தவா 32 டிகிரி இறங்கும். அதன்பிறகு மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகத் தொடங்கினால் இன்னும் நிறைய வெப்பம் இழுக்கும். இருப்பு அதிகமுள்ள கல் இதைச் சமாளித்துவிடும். மெல்லிய தவா அடுப்பை நம்பித்தான் இருக்க வேண்டும்.

சமாளிப்பதால் என்ன லாபம்? தோசையின் பொன்னிறமும் அந்த வாசனையும். மாவிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணமுள்ள பொருள்களை உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி மையார் 1912-இல் இதைப் பற்றி எழுதினார், அவர் பெயரே வினைக்கும் நிலைத்துவிட்டது. இது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரி அளவுக்கு வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. எனவே அடிப்பக்கத்தை விரைவாக உலர்த்தி, அப்புறமும் சூடாகவே இருக்கும் கல்தான் முறுகலைத் தரும். நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் சிவந்த தோசையைத் தின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆனால் அதே கணக்கை இன்னொரு பக்கமாகவும் போட வேண்டும். அந்த 80 கிராம் மாவில் 30 கிராம் தண்ணீர் ஆவியாகிறது என்றால், ஒரு தோசைக்கு மொத்தம் 90 கிலோஜூலுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். கல்லைச் சூடாக்க 235. அதாவது மாவை ஊற்றுவதற்கு முன்பே ஏறத்தாழ மூன்று தோசைக்கான வெப்பம் கல்லுக்குள் போய்விடுகிறது! எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து தின்ற வீட்டில் இது ஒரு பொருட்டே இல்லை. தனியாக இருக்கும் ஒருவர் இரண்டே இரண்டு தோசைக்காகக் கனமான கல்லை ஏற்றினால், எரிவாயுவின் பெரும்பங்கு கல்லுக்குத்தான். கடைசி இரண்டு தோசைக்கு முன்னாலேயே அடுப்பைக் குறைத்து, பிறகு அணைத்துவிட்டால் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கெட்டிக்காரச் சமையல்காரர்கள் கணக்குத் தெரியாமலே இதைச் செய்கிறார்கள்.

இன்னொரு தப்பெண்ணம்: வார்ப்பிரும்பு எல்லா இடத்திலும் சீராகச் சூடேறும் என்பார்கள். உண்மை நேர்மாறானது. வெப்பத்தைக் கடத்துவதில் வார்ப்பிரும்பு மந்தம். தூய அலுமினியம் அதைப் போல நாலைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். நீங்களே பார்க்கலாம், ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் இல்லாத கல்லில் கோதுமை மாவைச் சல்லடையால் மெல்லிதாகத் தூவுங்கள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுக் காத்திருங்கள். மாவு முதலில் எங்கே சிவக்கிறது? அடியில் தீக்கொழுந்து தொடும் வட்டத்துக்கு நேர் மேலே. சிறிய பர்னரில் பெரிய கல்லை வைத்தால் ஓரம் வெள்ளையாகவே கிடக்கும். கருகத் தொடங்குமுன் அடுப்பை அணைத்துவிடுங்கள். வெப்பம் மெதுவாகப் பரவுவதால்தான் இரும்புக் கல்லை மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் காயவிட வேண்டும், அவ்வப்போது சற்றுத் திருப்பி வைக்க வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் நடுவில் முத்து ஓடும், ஓரத்தில் ஈரம் கிடக்கும்.

வார்ப்பிரும்பு என்பது சுத்தமான இரும்பு இல்லை. நூறு கிராமில் 2 முதல் 4 கிராம் வரை கார்பன் இருக்கும், கொஞ்சம் சிலிக்கானும். தூய இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். இவ்வளவு கார்பன் சேர்ந்தால் 1,200 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், தண்ணீராக ஓடி அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிறையும். கோயம்புத்தூர்ப் பக்கத்து வார்ப்படத் தொழிற்சாலைகளில் பம்புகளின் பாகங்கள் இப்படித்தான் மணல் அச்சில் வார்க்கப்படுகின்றன. தோசைக்கல்லும் மணல் அச்சில் வந்ததுதான். புதிய கல்லைத் தடவினால் நறநறவென்று இருக்குமே, அது அந்த மணலின் தடம்.

மணல் அச்சில் பானை வார்ப்பது ஏதோ அடுப்படிச் சமாசாரம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707-இல் மணலில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மலிவாக வார்க்க மலிவான இரும்பு வேண்டுமல்லவா? மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைப் போட்டு இரும்பு உருக்குவதில் 1709-இல் கோல்புரூக்டேல் என்ற ஊரில் வெற்றி பெற்றார். அவருடைய பேரன் காலத்தில், 1779-இல், அதே பகுதியில் செவர்ன் ஆற்றின் மேல் வார்ப்பிரும்புப் பாலமே எழுந்தது. தொழிற்புரட்சியின் கதையைப் பானையிலிருந்து தொடங்கினாலும் தப்பில்லை. சீனர்களோ இவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பை வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கார்பனில் ஒரு பங்கு, உள்ளே மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் படிந்திருக்கும். பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட். விரிசல் ஓடுவதற்கு அவை நல்ல வழி. எனவே வார்ப்பிரும்பு வளையாது, உடையும். பளிங்குத் தரையில் போட்டால் கல்லும் போகும், தரையும் போகும். சுடச்சுட இருக்கும் கல்லைக் குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள். ஒரு பக்கம் சட்டென்று சுருங்க, மறுபக்கம் விரிந்தே நிற்க, நடுவில் கீறல் விழும்.

இனி, கல்லைப் பழக்குவது. புதுக் கல்லை வாங்கி வந்ததும் அரிசி கழுவிய தண்ணீரிலோ கஞ்சியிலோ ஊறப்போடுவார்கள், தேய்த்துக் கழுவுவார்கள், எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள், பாதி வெங்காயத்தைக் குத்தி எடுத்துத் தேய்ப்பார்கள். ஊருக்கு ஊர் முறை மாறும். ஆனால் உண்மையான வேலையைச் செய்வது எண்ணெயும் சூடும்தான். எண்ணெய் மூலக்கூறுகளில் சில இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. சூட்டிலும் காற்றிலுள்ள ஆக்சிஜனிலும் அந்த இடங்கள் திறந்து, பக்கத்து மூலக்கூறோடு பிணைந்துகொள்கின்றன. தனித்தனி நூலாகக் கிடந்தது முடிச்சு விழுந்து வலையாவது மாதிரி. திரவமாக இருந்த எண்ணெய், கல்லின் நுண்ணிய பள்ளங்களைப் பற்றிக்கொண்டு கெட்டியான கறுப்புப் படலமாகிவிடுகிறது. எண்ணெய் வண்ண ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே அறைச் சூட்டிலேயே பல நாளில் நடப்பது, இங்கே அடுப்புச் சூட்டில் விரைவில் நடக்கிறது.

எனவே எந்த எண்ணெய் என்பது முக்கியம். நல்லெண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய உண்டு, படலம் நன்றாகப் பிடிக்கும். தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு இரட்டைப் பிணைப்பே இல்லாதது. சமையலுக்குச் சரி, பழக்குவதற்கு மந்தம். வெங்காயம்? அது எண்ணெயைச் சீராகப் பரப்ப உதவுகிறது, அதன் ஈரம் கல்லின் சூட்டைக் காதுக்குச் சொல்கிறது. அதற்கு மேல் அதில் மந்திரம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதல் தோசை ஒட்டிக்கொண்டு, இரண்டாவது நல்லபிள்ளையாகக் கழன்று வருவதிலும் சூடும் எண்ணெயும்தான் காரணம். அதற்குள் சூடு கல் முழுக்கப் பரவியிருக்கும், எண்ணெயும் பள்ளங்களில் படிந்திருக்கும்.

கல்லுக்குச் சோப்பே ஆகாது என்று சிலர் கையைத் தட்டிவிடுவார்கள். கெட்டிப்பட்ட படலத்தைப் பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பு கரைக்காது. படலத்துக்கு உண்மையான எதிரிகள் வேறு: கம்பி நார், புளி, எலுமிச்சை, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுவது. படலம் கிழிந்த இடத்தில் ஈரமும் ஆக்சிஜனும் இரும்பைத் தொட்டால் துரு. கடற்கரை ஊர்களில் காற்றிலேயே உப்பு இருப்பதால் இன்னும் சீக்கிரம்.

ஒட்டாத தவாவின் கதை வேறு. அமெரிக்காவில் 1938 ஏப்ரலில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலாளர் குளிர்பதன வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். வாயு அடைத்து வைத்த உருளையைத் திறந்தால் எதுவும் வரவில்லை. எடை மட்டும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுக்கும் வெள்ளைத் தூள்! அதுதான் பின்னாளில் டெஃப்லான் ஆனது. அதில் கார்பனும் ஃபுளூரினும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் வேறெதுவும் அதில் ஒட்டுவதில்லை. அதைச் சமையல் பாத்திரத்தில் ஏற்றியவர் பிரெஞ்சுப் பொறியாளர் மார்க் கிரகுவார், 1954-இல். மீன்பிடிச் சாதனத்தில் அவர் செய்துகொண்டிருந்த சோதனையைப் பார்த்து, வாணலியில் பூசக் கூடாதா என்று கேட்டவர் அவர் மனைவி கொலெத் என்பார்கள்.

இந்தப் பூச்சை நஞ்சு என்று ஒரேயடியாகச் சொல்வது சரியில்லை. வழக்கமான சமையல் சூட்டில் அது அசையாது. தவறி ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் வெளியேறிவிடும். தொல்லை, வெறும் தவாவை அடுப்பில் வைத்துவிட்டுப் போய்விடுவதில். 260 டிகிரிக்கு மேல் பூச்சு கெடத் தொடங்கும், 350 டிகிரிக்கு மேல் கெட்ட புகை கிளம்பும். வீட்டில் வளர்க்கும் பறவைகள் இந்தப் புகையால் இறந்ததுண்டு, அவற்றின் நுரையீரல் அவ்வளவு நுட்பமானது. பூச்சு செய்யும் ஆலைகளில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளும் ஒரு தலைவலி. மண்ணிலும் நீரிலும் அது அழியாமல் தங்கிவிடுகிறது. 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். இதெல்லாம் போக, இரும்புக் கரண்டி பட்டுப் பட்டு ஒரு சில ஆண்டில் பூச்சு கீறிப்போகும். அப்புறம் அந்தத் தவாவை வீட்டில் வைத்துச் சரிசெய்ய வழியில்லை.

“இரும்புக் கல்லில் சாப்பிட்டால் உடம்பில் இரும்புச்சத்து ஏறும்” என்பதைக் கேட்டிருப்பீர்கள். இதில் உண்மை உண்டு, மிகையும் உண்டு. அமெரிக்காவில் 1986-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இரும்புச் சட்டியில் வேகவைத்த ஆப்பிள் கூழின் இரும்புச்சத்து 100 கிராமுக்கு 0.35 மில்லிகிராமிலிருந்து 7 மில்லிகிராமுக்கு மேல் உயர்ந்தது. இருபது மடங்கு! எத்தியோப்பியாவில் அலுமினியப் பானையில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளைவிட இரும்புப் பானையில் சமைத்துச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு இரத்தச்சோகை குறைந்ததாக 1999-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. நம் நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. எனவே இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இரும்பு இறங்க மூன்று வேண்டும்: புளிப்பு, ஈரம், நேரம். தக்காளித் தொக்கு இரும்புச் சட்டியில் அரைமணி நேரம் கொதித்தால் மூன்றும் உண்டு. தோசை மாவில் புளிப்பு இருக்கிறது, ஆனால் கல்லில் இருப்பது இரண்டு நிமிடம், நடுவில் எண்ணெய்ப் படலம் வேறு. நன்றாகப் பழகிய கல் இரும்பை அதிகம் கொடுக்காது. தோசைக்கல்லே மருந்து என்பது மிகை. கம்போடியாவில் இரத்தச்சோகையைப் போக்க, இரும்பில் வார்த்த சிறு மீனைக் குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பின்னாளில் அங்கே நடந்த ஓர் ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. அங்குள்ள பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை வந்ததே இரும்புக் குறைவால் அல்ல, பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறுகளால். தலசீமியா போன்ற நோயுள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்பு கெடுதலாகவும் முடியும். அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் இரும்புச் சட்டியைத் தொட வேண்டும்.

இரும்பு இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமா? இரும்புச் சட்டியில் வாழைப்பூவை வதக்குங்கள், கறுத்துவிடும். வாழைப்பூவின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் இந்த வினையால்தான்: கடுக்காயில் நனைத்த துணியில், வெல்லத்தோடு இரும்புத் துண்டுகளை ஊறவைத்த நீரால் வரைகிறார்கள். புளிக்குழம்பும் ரசமும் இரும்பில் வைத்தால் உலோகச் சுவை தட்டும். அதற்கு எவர்சில்வரும் மண்சட்டியும் இருக்கின்றன.

மின்தூண்டல் அடுப்பு வந்த பிறகு இரும்புக்கு மறுவாழ்வு என்றே சொல்லலாம். அந்த அடுப்புக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பாத்திரத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, 1831-இல் ஃபாரடே கண்ட அதே தத்துவம். காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதற்கு வேண்டும். வெறும் அலுமினியத் தவாவை வைத்தால் சூடாகாது, இரும்புக் கல் உடனே வேலை செய்யும். ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் குழிந்த பழைய கல் ஆடும். முழு வேகத்தில் தொடங்காதீர்கள், மேல்கண்ணாடியில் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள்.

என் கட்சியைக் கேட்டால்: தோசை, அடை, பணியாரம், சப்பாத்தி, உருளைக்கிழங்கு வறுவலுக்கு இரும்பு. ஒன்றிரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில் சிறிய கல் போதும். மணிக்கட்டு வலியுள்ள தாத்தா பாட்டிக்கு இலகுவான தவாவே நல்லது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் துருவேறிய கல் கிடந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கீறல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் கம்பி நாரால் துரு போகும்வரை தேய்த்து, கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போக்குங்கள். இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தடவுங்கள். பிறகு, தடவவே இல்லை என்று தோன்றும் அளவுக்குத் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் தடிமனாக இருந்தால் படலம் கெட்டியாகாமல் பிசுபிசுக்கும். லேசாகப் புகைய ஆரம்பிக்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி. இப்படி நாலைந்து முறை. அடுப்பு வேலை முழுவதையும் பெரியவர்கள் செய்யட்டும், துடைப்பதும் கவனிப்பதும் உங்கள் பொறுப்பு. சன்னல் திறந்திருக்கட்டும். முதல் வாரம் எண்ணெய் தாராளமாக விட்ட அடையும் ஊத்தப்பமும் வாருங்கள். மெல்லிய தோசை அதற்கப்புறம்.